ரிக்கோவர்: கடலடியில் கிடக்கும் அணு உலைகளும் அவர் விட்டுச் சென்ற கேள்வியும்

மூழ்கிய அணுசக்தி நீர்மூழ்கிகளால் கடல் மீன்களில் கதிரியக்கம் சேருமா? இதற்குப் பதில் தேடினால், நீங்கள் ஒருவரின் வாழ்க்கையில் போய் நிற்பீர்கள். அவர் அமெரிக்க அட்மிரல் ஹைமன் ரிக்கோவர்.

யார் இவர்?

கடற்படைப் பதிவுப்படி 1900-ல், இன்றைய போலந்தில் ஒரு யூதத் தையல்காரரின் மகனாகப் பிறந்தார். சின்ன வயசிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறியது. 1922-ல் கடற்படை அகாடமியில் பட்டம் பெற்றார். 1946-ல் ஓக் ரிட்ஜ் அணு மையத்துக்கு அனுப்பப்பட்டார். அணு உலையை நீர்மூழ்கிக்குள் அடக்க முடியும் என்று மேலதிகாரிகளிடம் விடாமல் வாதாடினார். 1954-ல் உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸ் கடலில் இறங்கியது.

தரத்தில் அவர் சமரசமே செய்ய மாட்டார். அணுக் கப்பல்களுக்கான அதிகாரிகளை அவரே நேர்காணல் செய்வார்.

கடலில் என்ன நடந்தது?

1963-ல் திரெஷர் மூழ்கியது. 129 பேர் இறந்தார்கள். 1968-ல் ஸ்கார்பியன், 99 பேர். இரண்டின் உலைகளும் அட்லாண்டிக் கடலடியில் இன்னும் கிடக்கின்றன.

மீன்களுக்கு ஆபத்தா?

இரண்டு பொருள்களைக் கவனிங்க. உலைக் குழாய்களின் துருவில் இருப்பது கோபால்ட்-60. சுமார் 5 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எரிபொருளுக்குள் இருப்பது சீசியம்-137. பாதியாக 30 ஆண்டு ஆகும். இது பொட்டாசியம் மாதிரி நடந்துகொள்வதால் மீனின் தசையில், அதாவது நாம் சாப்பிடும் பகுதியில், சேரும்.

அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகளில், இரு இடங்களிலும் வண்டலில் கொஞ்சம் கோபால்ட் கிடைத்தது. எரிபொருள் கசிந்ததற்கான தடயம் இல்லை. ஆனா, 1989-ல் நார்வே கடலில் மூழ்கிய சோவியத் கப்பல் கொம்சொமோலெட்ஸில் சீசியம் கசிகிறது. 2019-ல் அதன் ஒரு குழாய் வாயில், வழக்கத்தைவிட 8 லட்சம் மடங்கு வரை பதிவானது. ஆழ்கடல் நீரில் அது சீக்கிரமே கரைந்து நீர்த்துவிடுவதால், அங்குள்ள மீன்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்கிறார்கள் நார்வே ஆய்வாளர்கள்.

கடைசியில் அவர் என்ன நினைத்தார்?

60 ஆண்டுக்கும் மேலான பணிக்குப் பிறகு, 1982-ல் ஓய்வு. விடைபெறும்போது நாடாளுமன்றக் குழு முன் பேசினார். கதிர்வீச்சு குறைந்த பிறகுதான் பூமியில் உயிர்கள் வாழ முடிந்தது, நாம் அதைத் திரும்ப உருவாக்குகிறோம் என்று வருந்தினார். முடிந்தால் தன் அணுக் கப்பல்களை எல்லாம் மூழ்கடித்துவிடுவேன் என்றும் சொன்னார். 1986-ல் காலமானார்.

ஆனால் மூழ்கடிப்பதோடு கதை முடிவதில்லை. எரிபொருளை மூடியிருக்கும் உலோகம் உப்புநீரில் மெல்ல அரிக்கிறது. அது தாங்கும் வரைதான் இன்றைய பதில் செல்லும். அதனால்தான் அந்த இடங்களின் வண்டலையும் மீனையும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருக்கிறது.