அசோஸ்பைரில்லம் தந்த பெய்ஜெரிங்க்: கடுகு விவசாயிக்கு அவர் வாழ்க்கை சொல்லும் பாடம்

மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் வைக்கும் நீங்கள் அசோஸ்பைரில்லம், அசோட்டோபாக்டர், ரைசோபியம் என்று உயிர் உரம் வாங்கியிருப்பீர்கள். இந்த மூன்றின் பின்னாலும் நிற்பவர் ஒருவரே: நெதர்லாந்து விஞ்ஞானி மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க். அவர் வேலை செய்த விதம் தெரிந்தால் உயிர் உரத்துக்குக் கொடுத்த காசு வீணாகாது.

1851-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தையின் புகையிலை வியாபாரம் நொடித்ததால் வீட்டில் வறுமை. படித்து முடித்து வேளாண் பள்ளி ஆசிரியரானார். 1885-ல் டெல்ஃப்ட் நகர ஈஸ்ட் ஆலையில் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கிருந்தபோதுதான், 1888-ல், பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். நாம் நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் இடும் ரைசோபியம் அந்த வகைதான்.

1895-ல் டெல்ஃப்ட் பல்கலைத் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கலந்து கிடக்கும்போது வேண்டியதை மட்டும் எப்படி எடுப்பது? அவர் தேடி அலையவில்லை. தழைச்சத்தே இல்லாத கரைசலில் சிறிது மண்ணைப் போட்டு, காற்றுப்படும்படி வைத்தார். காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கத் தெரிந்த நுண்ணுயிர் மட்டும் அதில் பெருகியது. 1901-ல் அசோட்டோபாக்டர் இப்படித்தான் கிடைத்தது.

நீர் தேங்கிய சேற்றையும் அவர் விடவில்லை. காற்றில்லாத சேற்றில் கந்தகச் சத்தைக் கெடுத்து, அழுகிய முட்டை நாற்றம் உண்டாக்கும் பாக்டீரியாவையும் 1895-ல் கண்டுபிடித்தார்.

1921-ல் ஓய்வு பெற்று சகோதரிகளோடு கிராமத்துக்குப் போன பிறகும் ஆய்வை நிறுத்தவில்லை. இன்று அசோஸ்பைரில்லம் எனப்படும் நுண்ணுயிரைப் பற்றி 1925-ல் எழுதினார். மேட்டூர் அணைக்கு வேலை தொடங்கியதும் அதே ஆண்டுதான். 1934-ல் அணை முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை. 1931 ஜனவரி 1-ல் காலமானார். அவர் கண்டதை உலகம் மறந்தே போனது. 1970-களில் பிரேசிலில் ஜோஹன்னா டோபரைனர் மீண்டும் அதை ஆராய்ந்த பிறகே அது உழவர் கைக்கு வந்தது.

அவர் செய்ததை உங்கள் கடுகு வயலில் நீங்களும் செய்யலாம். நுண்ணுயிருக்கு ஏற்ற சூழலைக் கொடுங்கள், அது தானே பெருகும்.

விதை நேர்த்தி: ஏக்கருக்கு வேண்டிய 2 கிலோ விதையில் 200 கிராம் அசோஸ்பைரில்லம் அல்லது அசோட்டோபாக்டரை ஆறிய கஞ்சியுடன் கலந்து, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி உடனே விதையுங்கள். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையானால் 24 மணி நேரம் கழித்துச் செய்யுங்கள்.

மண்ணில் இட: ஏக்கருக்கு 800 கிராம் உயிர் உரத்தை 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மணலுடன் கலந்து ஈரமான நிலத்தில் தூவுங்கள். யூரியாவோடு சேர்க்கக் கூடாது. வெயிலில் வைக்காதீர்கள், காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர்: விதைத்ததும் ஒன்று, பிறகு உயிர்த்தண்ணீர். பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் ஈரம் குறைந்தால் மகசூல் விழும். கால்வாய் வழக்கமாக டிசம்பர் 15-ல் மூடப்படுவதால், அக்டோபரில் விதைப்பது நல்லது. தள்ளிப்போனால் காய்க்குக் கிணற்றுத் தண்ணீரை நம்ப வேண்டியிருக்கும்.

கால்வாயில் தண்ணீர் நிறைய வருகிறதே என்று தேக்காதீர்கள். தேங்கினால் வேருக்குக் காற்றில்லை, அசோட்டோபாக்டருக்கும் காற்றில்லை. தழைச்சத்தும் ஆவியாகிப் போகும். எண்ணெய்ச் சத்துக்குக் கந்தகம் தேவைப்படும் பயிர் கடுகு. நாட்கணக்கில் நின்ற தண்ணீரில் அதற்கும் கேடுதான். பாத்திகளைச் சிறிதாகப் போட்டு, வடிகால் வெட்டிய பிறகே மடையைத் திறங்கள்.