அடைப்பைத் தள்ளிவிட்ட எண்ணெய்

ரெனால்ட்ஸ் நம்பர் போடாம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரைத் தாண்டினவங்க நம்மில் யாரும் இருக்க முடியாது. அந்த ரெனால்ட்ஸ் குழாய்த் தண்ணியோட நிற்கல. ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கிற எண்ணெய்க்கும் கணக்கு எழுதினவர். அது உங்களுக்குத் தெரியுமா?

ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1842-இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தார். அப்பா பாதிரியார், ஆனா கணக்கும் இயந்திரமும்னா உயிர். மகன் நேரா கல்லூரிக்குப் போகல. முதல்ல ஒரு வர்க்‌ஷாப்பில் வேலை கத்துக்கிட்டார், அப்புறம்தான் கேம்பிரிட்ஜில் கணிதம். 1868-இல், 25 வயசுல, மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியர். அடுத்த வருஷமே மனைவியை இழந்தார். பாடம் நடத்துறதுல மட்டும் ஆள் கொஞ்சம் வீக். அவர் சொல்றதைப் பின்தொடர மாணவர்கள் திணறுவாங்களாம். (நமக்குப் பழக்கமான காட்சிதான்!) எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சனும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்.

இப்போ கதைக்குள்ள இன்னொருத்தர் வர்றார்: பொறியாளர் பொஷாம்ப் டவர். 1880-களின் தொடக்கத்தில் ரயில் அச்சு பேரிங்கின் உராய்வை அளந்துகிட்டு இருந்தார். ஷாஃப்டின் அடிப்பக்கம் எண்ணெயில் நனையும், மேல் பாதியில் பித்தளை பேரிங் சுமையோட உட்கார்ந்திருக்கும். எண்ணெய் விட வசதியா பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். நடந்தது தலைகீழ். எண்ணெய் உள்ளே போகல, வெளியே பொங்கி வந்தது. கட்டையை அடிச்சு அடைச்சா, அதையும் தள்ளிவிட்டது! பிரஷர் கேஜ் மாட்டினார். பேரிங் மேல சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு சுமார் 100 பவுண்டு. முள்ளோ 200-ஐத் தாண்டியது.

அவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வந்தது? பம்ப் எதுவும் இல்லையே.

ரெனால்ட்ஸ் பிடிச்ச இடம் இதுதான். சுமை இருக்கும்போது ஷாஃப்ட் நடுவுல நிற்காது, கொஞ்சம் ஒதுங்கிடும். அதனால இடைவெளி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். சுழலும் ஷாஃப்ட், ஒட்டிக்கிட்ட எண்ணெயை அந்தக் குறுகலுக்குள்ள இழுத்துட்டுப் போகுது. போக இடமில்லாத எண்ணெய் அழுத்தத்தை ஏத்தி ஷாஃப்டையும் பேரிங்கையும் பிரிச்சு வைக்குது. ஷாஃப்ட் சரியா நடுவிலேயே இருந்திருந்தா? சுமையைத் தாங்குற அழுத்தமே வராது. படலத் தடிமன், வேகம், விஸ்காசிட்டி, அழுத்தம் எல்லாத்தையும் ஒரே சமன்பாட்டில் கட்டி, 1886-இல் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார். சூடானா எண்ணெய் இளகும்னு ஆலிவ் எண்ணெயின் விஸ்காசிட்டியையும் தானே அளந்தார். அந்த உழைப்புதான் எனக்கு சமன்பாட்டை விடப் பிடிக்கும்.

ஒரு குறை இருந்தது. தொடர் போட்டுத் தீர்த்த அவர் வழி, ஷாஃப்ட் ரொம்ப ஒதுங்கினா உதவல. அதை 1904-இல் சாமர்ஃபெல்ட் நேரடியாவே தீர்த்துக் காட்டினார். ரெனால்ட்ஸ் நம்பர்னு 1908-இல் பேர் வெச்சதும் அதே சாமர்ஃபெல்ட்தான். அப்போ ரெனால்ட்ஸ் உடம்பும் மனசும் தளர்ந்து, 1905-லேயே ஓய்வு பெற்றிருந்தார். 1912-இல் சோமர்செட்டின் வாட்செட் ஊரில் இறந்தார்.

அடுத்த தடவை லேப்ல ஜர்னல் பேரிங் செட்டப்பைச் சுத்தி நிக்கிற மேனோமீட்டர் குழாய்களைப் பாருங்க. ஒரு பக்கம் எண்ணெய் உயரமா ஏறி நிக்கும். டவரின் கட்டையைத் தள்ளினது அதுதான்.