ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்த டாக்டரம்மா

மாண்டிசோரி பள்ளி என்று போர்டு மாட்டிய பள்ளிக்கூடங்களை டவுனில் பார்த்திருப்பீர்கள். அது ஏதோ ஒரு ஊரின் பெயர் என்றுதான் பல பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இல்லை, அது ஒரு பெண்ணின் பெயர். மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கையைத்தான் இந்த இதழில் எழுதியிருக்கிறேன்.

இவர் 31.8.1870 அன்று இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். அந்தக் காலத்தில் பெண்கள் படித்தால் டீச்சர் வேலைக்குப் போகலாம், அவ்வளவுதான். இவரோ டாக்டர் ஆகணும் என்று பிடிவாதமாக இருந்தார். ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், எல்லோரும் போன பிறகு தனியாக இருந்து படித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் இவரும் ஒருவர்.

பிறகு மனநோய் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தார். அப்போது மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பெரியவர்களான மனநோயாளிகளோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு இடத்தில் அந்தப் பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்களாம். பார்த்துக்கொள்ளும் அம்மா அதைப் பேராசை என்று நினைத்தார். மாண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார. தொட்டு விளையாட அங்கே ஒரு பொருள்கூட இல்லை. பிள்ளைகளின் கைக்குத்தான் பசி என்று அவருக்குப் புரிந்தது.

இவர்களுக்கு மருந்தைவிடப் பாடம்தான் தேவை என்று முடிவு செய்தார். இட்டார்ட், செகுவின் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்களின் புத்தகங்களைத் தேடிப் படித்தார். 1900-ல் ரோமில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆசிரியர்களைத் தயார் செய்யும் ஒரு பள்ளி தொடங்கியது. அதை நடத்திய இருவரில் மாண்டிசோரி ஒருவர். காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை பிள்ளைகளோடேயே இருப்பார். மரத்தில் எழுத்து செய்து விரலால் தடவிப் பார்க்க வைத்தார். கண்ணால் பிடிபடாத எழுத்து கைக்குப் பிடிபட்டது!

அதில் சில பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். எல்லோரும் அதிசயம் என்றார்கள். மாண்டிசோரிக்கு வேறு கேள்வி வந்தது. எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் ஏன் இவர்கள் அளவுக்கே நிற்கிறார்கள்? அப்படியென்றால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, சொல்லிக் கொடுக்கும் முறையில்தானே!

6.1.1907 அன்று ரோமில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் திறந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள், மர உருளைகள் எல்லாம் வைத்தார். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்ததை எடுத்துத் தன் வேகத்தில் கற்றுக்கொண்டது.

1909 முதல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதில் முதல் பாடமே கவனிப்பதுதான். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்றதை மட்டும் கொடுக்க வேண்டும்.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். முதல் பயிற்சியில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940-ல் போரில் இத்தாலி எதிரி நாடானதும் மரியோவை ஆங்கிலேய அரசு காவலில் வைத்தது. அம்மையாரின் 70-வது பிறந்தநாளுக்குத்தான் விட்டார்கள். 1942 முதல் 1944 வரை நம்ம கொடைக்கானலில் இருந்தார்கள். அங்கும் பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பாடம் நடத்தினார்கள். 6.5.1952 அன்று நெதர்லாந்தில் அம்மையார் காலமானார்.

இன்று சிறப்புக் கல்விக்கென்றே பி.எட்., எம்.எட். படிப்புகள் இருக்கின்றன. அதைப் படித்த சிறப்பாசிரியர்கள் அரசுப் பள்ளிகளுக்கும் வருகிறார்கள். அந்த வழியைப் போட்டவர்களில் இவரும் ஒருவர்.

அஞ்சு விரலும் ஒண்ணா இருக்கா? பிறகு நாற்பது பேரும் ஒரே நாளில் ஒரே மாதிரி எப்படிப் படிப்பார்கள்? வாசிக்கத் திணறும் தோழியை மக்கு என்று கூப்பிடாதீர்கள். அவளுக்கு ஏற்ற வழி இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வரி சேர்ந்து வாசியுங்கள். ஒருவேளை அந்த வழி நீங்களாகவே இருக்கலாம்.

— 9-ஆம் வகுப்பு மாணவி