கைரேகைக்குக் கணக்கு வகுத்த அஜீசுல் ஹக்

புது தில்லி: தடய அறிவியல் பட்டப் படிப்பில் சேரும் மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்பது, கைரேகைகளை வகைப்படுத்தும் 'ஹென்றி முறை'. வங்காளக் காவல் துறைத் தலைவராக இருந்த எட்வர்டு ஹென்றி என்ற ஆங்கிலேயரின் பெயர் அது. அதன் கணக்கை வகுத்தவரோ, அவரிடம் உதவி ஆய்வாளராகப் பணியாற்றிய காஜி அஜீசுல் ஹக்.

இப்போது வங்கதேசத்தில் உள்ள குல்னா பகுதியில் 1872-ல் பிறந்த ஹக், கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்றவர். கணிதத்தில் தேர்ந்த மாணவர் ஒருவரை ஹென்றி தேடியபோது, கல்லூரி முதல்வர் இவரைப் பரிந்துரைத்தார்.

ஒருவரது கைரேகை வாழ்நாள் முழுவதும் மாறாது என்பதை இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் 1892-லேயே நூலாக எழுதிவிட்டார். ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்களில் தேவையான ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி என்பதுதான் விடை தெரியாத கேள்வி.

ஹக் கண்ட விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. பத்து விரல்களையும் ஐந்து இணைகளாகப் பிரித்தார். முதல் இணையில் சுழி இருந்தால் 16. அடுத்தடுத்த இணைகளில் 8, 4, 2, 1. சுழி இல்லாத விரலுக்குச் சுழியம். ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒரு விரலின் மதிப்பு பின்னத்தின் மேலும், மற்றதன் மதிப்பு கீழும் சேரும். இரண்டு கூட்டுத்தொகைகளுடனும் ஒன்றைக் கூட்டினால் 1 முதல் 32 வரையிலான இரு எண்கள் கிடைக்கும். ஆக, 32 வரிசை, 32 நிரல், 1,024 அறைகள் கொண்ட ஓர் அலமாரி போதும். உட்பிரிவுகளை வகுத்ததிலும், ரேகை விவரத்தைத் தந்தியில் அனுப்பும் குறியீட்டை உருவாக்கியதிலும் சக அதிகாரி ஹேம் சந்திர போஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. ஜல்பாய்குரி தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை வழக்கில், பஞ்சாங்கத்தில் பதிந்திருந்த ரத்தக் கறை ரேகையைக் கொண்டு 1898-ல் ஒருவர் திருட்டுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்; கொலைக் குற்றம் நிரூபணமாகவில்லை. 1899-ல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, கைரேகை நிபுணரின் கருத்து சாட்சியமாக ஏற்கப்பட்டது.

1900-ல் ஹென்றியின் நூல் வெளிவந்தது. ஹக்கின் பங்கு அதில் பேசப்படவில்லை. அடுத்த ஆண்டே லண்டன் ஸ்காட்லாந்து யார்டு இம்முறையை ஏற்றது. ஹென்றி அங்கு உயர் பதவிக்குச் சென்றார். பின்னர் 'சர்' பட்டமும் பெற்றார்.

ஹக்குக்கு 1924-ல் 'கான் பகதூர்' பட்டம் கிடைத்தது. உரிய அங்கீகாரம் கோரி அரசுக்கு விண்ணப்பித்த பிறகு கிடைத்த மதிப்பூதியம் ரூ. 5,000. உலகக் காவல் துறைகள் பல பத்தாண்டுகள் பயன்படுத்திய ஒரு முறைக்கு இது அற்பத் தொகையே. ஹக்கின் பங்களிப்பை ஹென்றி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டது 1926-ல்தான். பிகார் காவல் துறையில் ஓய்வு பெற்று மோதிஹாரியில் வாழ்ந்த ஹக், 1935-ல் அங்கேயே காலமானார்.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஜி.எஸ். சோதி, ஜஸ்ஜித் கவுர் ஆகியோரது ஆய்வுகள், 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஹக், போஸ் இருவரின் பங்கையும் மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தன. பிரிட்டனில் உள்ள கைரேகைச் சங்கம் இருவர் பெயரிலும் ஆய்வுப் பரிசு ஒன்றை ஏற்படுத்தியது.