தரையில் போர் விதி எழுதிய எச்.ஜி. வெல்ஸ்

எச்.ஜி. வெல்ஸ் என்றதும் கால இயந்திரம் பற்றி அவர் 1895 இல் எழுதிய நாவலும், செவ்வாய்க் கிரகத்தவர் இங்கிலாந்தைத் தாக்குவதாக 1898 இல் எழுதிய நாவலுமே நினைவுக்கு வரும். 1913 இல் அவர் விளையாட்டு விதிகள் பற்றியும் ஒரு சிறு நூல் எழுதினார். ‘சின்னப் போர்கள்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் விளையாடுவது எப்படி என்பதே அதன் பொருள். உண்மையான போரைக் கடந்து வந்த எங்களுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். அவரது வாழ்க்கையை இந்த நூலில் இருந்து தொடங்கிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெல்ஸ் 1866 செப்டெம்பர் 21 அன்று இங்கிலாந்தின் புரொம்லியில் பிறந்தார். தந்தை நொடிந்துபோன சிறு கடைக்காரர், கிரிக்கெட் ஆட்டக்காரர். தாய் பிரபுக்கள் வீட்டில் வேலை செய்தவர். 1874 இல் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது சிறுவனுக்கு வாசிப்பில் பிடிப்பு வந்தது. பின்னர் புடவைக் கடையொன்றில் வேலை பழக அனுப்பினார்கள். அங்கே விதிகள் எல்லாம் முதலாளிக்கு உரியவை, கீழ்ப்படிவது மட்டுமே பையனுக்கு உரியது. புலமைப்பரிசில் கிடைத்து 1884 இல் இலண்டனில் உயிரியலறிஞர் ஹக்ஸ்லியிடம் படிக்கப் போனதோடு அந்த வாழ்க்கை முடிந்தது. ஆனால் எவர் விதி செய்கிறார், எவர் அதற்குக் கீழே நிற்கிறார் என்ற கேள்வி அவரை விடவில்லை. செவ்வாய்க் கிரகத்தவர் கதையின் தொடக்கத்திலேயே, ஐரோப்பியக் குடியேறிகளால் அழிக்கப்பட்ட தஸ்மேனிய மக்களை அவர் நினைவூட்டுகிறார்.

புகழும் பணமும் வந்த பிறகு கடலோர ஊரான சான்ட்கேட்டில் வீடு கட்டினார். அந்த வீட்டில்தான் ‘சின்னப் போர்’ பிறந்தது. ஒரு நண்பர், சிறு மரத்துண்டைச் சுடும் வில்சுருள் பொம்மைப் பீரங்கியால் பொம்மைச் சிப்பாயை விழுத்திக் காட்டினார். பெரியவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆடி ஆடிக் குறைகள் தெரியத் தெரிய விதிகள் சேர்ந்தன. ஒரு நகர்வில் காலாட்படை ஓர் அடி போகலாம், குதிரைப்படை இரண்டு அடி. பீரங்கி சுட வேண்டுமானால் ஆறு அங்குலத்துக்குள் அதன் பக்கத்து ஆட்கள் நான்கு பேராவது நிற்க வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் நேரக்கட்டுப்பாடு உண்டு. பிடிபட்டவர்களுக்கும் தனி விதிகள் இருந்தன. அவர்களைப் பின்னால் அழைத்துச் செல்லக் காவலுக்கு ஆள் ஒதுக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது களம் பற்றிய விதி. வீடுகள், மரங்கள், குன்றுகள் எல்லாவற்றையும் ஒருவர் அடுக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் நின்று போரிடுவது என்பதை மற்றவர் தெரிவு செய்வார். தனக்கு எந்தப் பக்கம் வரும் என்று தெரியாதவர் ஒரு பக்கத்தை மட்டும் மேடாக்கி வைக்க மாட்டார். நடுவர் இல்லாமலேயே நியாயம் வந்துவிடுகிறது.

இந்த விதியின் அருமை விளையாட்டை நடத்திப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டில் இருந்து கிளைத்தது அது. இங்கே ஆளுக்கொரு படை இல்லை, ஆளுக்கொரு பாத்திரம். கதையையும் எதிரிகளையும் ‘நடத்துநர்’ ஒருவர் கையில் வைத்திருப்பார். அச்சடித்த விதிகளை அவர் தன் மேசைக்கேற்ப மாற்றிக்கொள்வதை வீட்டு விதி என்பார்கள்.

நான் வசிப்பது கண்டிக்கு அருகே அம்பிட்டியவில். 1893 இல் பாப்பரசர் 13 ஆம் லியோ தொடங்கிய குருமடத்தால் அறியப்பட்ட ஊர். சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஐந்து இளைஞர்களுக்கு நான்தான் நடத்துநர். இருவருடைய பெற்றோர் வன்னியில் இருந்து வந்தவர்கள். மற்றவர்கள் கண்டியிலேயே பிறந்த தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள்.

நடத்துநரின் கையில் எதிரிகளுக்குக் குறைவில்லை. நினைத்தால் ஐந்து பேருக்கு எதிரே ஐந்நூறு பேரை நிறுத்தலாம். ஆகவே சமநிலை என்பது எல்லோருக்கும் ஒரே பலம் கொடுப்பதல்ல. அளவில்லாத பலம் உள்ளவர் தன்னைத்தானே கட்டிவைப்பதும், வைத்தியம் செய்யும் பாத்திரத்துக்கும் வாளேந்தும் பாத்திரத்துக்கும் தீர்மானிக்க ஏதாவது ஒன்றை விட்டுவைப்பதும்தான் சமநிலை. எங்கள் மேசையில் மூன்று வீட்டு விதிகள் உண்டு. ஆயுதத்தைக் கீழே வைத்தவரை எவரும் கொல்ல முடியாது, நான் நடத்தும் எதிரிகளும் அப்படியே. ஒருவர் மேசையில் உள்ளங்கையை வைத்தால் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும், காரணம் கேட்கப்படாது. ஆட்டத்தின் நடுவே விதியை மாற்ற எனக்கு உரிமை இல்லை. மூன்றும் அந்த ஐந்து பேரும் சேர்ந்து எழுதியவை. முதலாவதை முன்மொழிந்தது வன்னிக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று.

வெல்ஸுக்குத் திரும்புவோம். உண்மையான போருக்கு ஆசைப்படும் மன்னர்களையும் வெறியர்களையும் பொம்மைகள் நிறைந்த பெரிய மண்டபம் ஒன்றில் அடைத்துவிட வேண்டும் என்று அந்த நூலின் முடிவில் அவர் எழுதினார். தன்னோடு ஆட வந்த இராணுவ அதிகாரிகள் விளையாட்டின் ஆரம்ப விதிகளிலேயே குழம்பிப்போனதையும் சொன்னார். ஆனால் 1914 இல் பெரும் போர் வெடித்ததும், இது போரையே முடித்துவைக்கும் போர் என்று எழுதி அதற்கு ஆதரவு திரட்டினார். 1918 இல் எதிரிநாட்டுக்கான பிரசாரப் பிரிவிலும் பணியாற்றினார். தரையில் தெரிந்த அளவு அவருக்கு நாட்டில் தெரியாமல் போனது.

நூலின் பின்னிணைப்பில் அவர் நன்றி சொல்லும் இராணுவ ஆலோசகர் கேணல் மார்க் சைக்ஸ். அதே சைக்ஸ்தான் 1916 இல் பிரான்ஸின் பிக்கோவோடு சேர்ந்து ஒட்டோமான் பேரரசின் அரபு நிலங்களை இரகசியமாகப் பங்கு பிரித்தவர். களத்தை அடுக்கியவர்களே பக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அங்கே வாழ்ந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை.

இரண்டாவது உலகப் போர் தொடங்கியபோது வெல்ஸுக்கு 72 வயது. அவரது நூல்களை நாஜிகள் ஏற்கெனவே எரித்திருந்தார்கள். இம்முறை அவர் வேறு கேள்வி கேட்டார்: எதற்காகப் போரிடுகிறோம்? 1939 ஒக்டோபரில் இலண்டன் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் மனித உரிமைகளின் பட்டியல் ஒன்றை முன்வைத்தார். 1940 இல் அது நூலானது. குற்றம் சாட்டாமல் ஒருவரைக் குறித்த காலத்துக்கு மேல் அடைத்துவைக்கக் கூடாது. அரசாங்க அலுவலகங்களில் இரகசியக் கோவைகள் இருக்கக் கூடாது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் பார்க்கவும் திருத்தவும் எவருக்கும் உரிமை வேண்டும். 1979 இன் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த வரிகளின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

வெல்ஸ் 1946 ஓகஸ்ட் 13 அன்று இறந்தார். 1948 டிசெம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்துக்கு வழிசமைத்த முயற்சிகளுள் அவருடையதும் ஒன்று. அதுவும் ஒருவகையில் அவரது பழைய களவிதிதான்: நீ எந்தப் பக்கம் பிறப்பாய் என்று தெரியாதவனாக இருந்து விதியை எழுது.

ஆனால் தரையில் அந்த விதி செல்லுபடியானதற்குக் காரணம், எதிரே இருந்தவருக்கும் ஆட்டத்தை நிறுத்தும் உரிமை இருந்தது. சரணடைந்தவர்கள் எங்கே என்று கேட்டு, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார் கேட்பதும் அந்த உரிமையைத்தான். விதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. களத்தை அடுக்கியவர் அதற்குக் கட்டுப்படுவதே மிச்சமிருக்கிறது.