இலவங்கப்பட்டைக் கட்டுக்கதைகளை உடைத்த கோவா மருத்துவர்

இலவங்கப்பட்டையைப் பெரிய பறவைகள் கூடு கட்டக் கொண்டு போகின்றன, அந்தக் கூட்டிலிருந்துதான் மனிதர்கள் எடுத்து வருகிறார்கள் என்று பழைய கிரேக்க நூல்கள் சொல்லின. ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் மரத்தைப் பார்க்காமலே அந்த நூல்களைப் பாடமாகப் படித்தனர். இந்தியாவிலேயே தங்கி, சந்தையிலும் தோட்டத்திலும் விசாரித்து உண்மையை எழுதியவர் கார்சியா ட ஓர்ட்டா.

1500-ஐ ஒட்டி போர்ச்சுகலில் பிறந்தவர். பெற்றோர் ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்கள், கட்டாயத்தால் கிறிஸ்தவர்களானவர்கள். ஸ்பெயினில் மருத்துவம் படித்து, லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1534-ல் கப்பலேறி கோவா வந்தார். அகமதுநகர் சுல்தான் புர்கான் நிஜாம் ஷாவுக்கு மருத்துவம் பார்த்தார். மும்பைத் தீவைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அங்கே ஆண்டுக்கு இருமுறை காய்க்கும் மாமரம் ஒன்று இருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

1563-ல் கோவாவில் அவரது நூல் அச்சானது. இரண்டு மருத்துவர்கள் பேசிக்கொள்வது போன்ற நடை. ஒருவர் பழைய நூல்களைச் சொல்ல, ஓர்ட்டா தாம் கண்டதைச் சொல்வார். பட்டை என்பது மரத்தின் உள்தோல், வெயிலில் காயும்போது சுருள்கிறது என்று அதில் விளக்கினார். சிங்களம், மலாய், அரபு மொழிகளில் அதன் பெயர்களைத் திரட்டினார். இலங்கைப் பட்டையே உயர்ந்தது, மலபார் பட்டை தரம் குறைந்தது என்றார்.

ஒன்றில் மட்டும் சறுக்கினார். இலவங்கப்பட்டையும் காசியாவும் ஒன்றே, விளையும் இடத்தால்தான் தரம் மாறுகிறது என்று முடிவு கட்டினார். இரண்டும் ஒரே பேரினத்தின் வெவ்வேறு இனங்கள் என்பதே இன்றைய தாவரவியல்.

ஓர்ட்டா 1568-ல் இறந்தார். யூத மதத்தை மறைவாகக் கடைப்பிடித்ததாக, மறு ஆண்டே அவரது தங்கை கத்தரீனாவை மத விசாரணை மன்றம் எரித்துக் கொன்றது. 1580-ல் ஓர்ட்டாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். நூலை மட்டும் அழிக்க முடியவில்லை. 1567-லேயே அதன் லத்தீன் சுருக்கம் ஐரோப்பாவில் வெளியாகிப் பரவியிருந்தது.

அவர் வழியில் நாமும் கண்ணால் பார்த்தே பட்டை வாங்கலாம். இலங்கைப் பட்டை காகிதம் போல் மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், கையால் நொறுங்கும், மணம் மென்மையானது. தேநீருக்கும் இனிப்புக்கும் ஏற்றது. காசியா தடித்து, கெட்டியாக, ஒற்றைச் சுருளாக இருக்கும், காரம் அதிகம். குருமா, பிரியாணிக்குப் பொருந்தும். ஆனால் காசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் கூடுதலாக உள்ளது. அளவு மிஞ்சினால் கல்லீரலைப் பாதிக்கலாம். தினமும் பொடியாகச் சாப்பிடுவோர் இலங்கை வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர் புதிதாகப் பழுத்த பழத்தின் விதையை உடனே விதைக்க வேண்டும். வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். மரத்தை அடியோடு ஒட்டி வெட்டினால் பல கிளைகள் துளிர்க்கும். மழைக்காலத்தில் அந்தக் கிளைகளில் பட்டை எளிதாக உரியும்.