முழங்கால் மடங்காத வீராங்கனை

ஓட்டப்பந்தயம் தொடங்கும்போது குனிந்து, முழங்காலை மடக்கி நிற்பார்களே, பார்த்திருப்பீர்கள். அப்படி மடக்க முடியாமலே ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் பெட்டி ராபின்சன். (பெட்டி அவர் பெயர்தான், சிரிக்காதீர்கள்!)

ரயிலைப் பிடிக்க அவர் ஓடியதைக் கண்டு வியந்த பள்ளி ஆசிரியர்தான் பந்தயத்தில் சேர்த்தார். 1928, ஆம்ஸ்டர்டாம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக 100 மீட்டர் ஓட்டம். 16 வயது பெட்டி, 12.2 விநாடியில் முதலாவதாக வந்தார்.

1931இல் அவர் சென்ற சிறிய விமானம் விழுந்து நொறுங்கியது. கால் எலும்பு முறிந்தது. மீண்டும் நடக்கவே வெகுநாள் ஆயிற்று. முழங்கால் பழையபடி மடங்கவில்லை. 1932 ஒலிம்பிக்கில் ஓட முடியவில்லை.

ஆனால், தொடர் ஓட்டத்தில் முதலில் ஓடுபவர்தானே குனிய வேண்டும்? மற்றவர்கள் நின்றபடியே கோலை வாங்கி ஓடலாமே! 1936, பெர்லினில் பெட்டி மூன்றாவதாக ஓடி, ஹெலன் ஸ்டீபன்ஸிடம் கோலைக் கொடுத்தார். முன்னால் சென்ற ஜெர்மனி அணியோ, கடைசிக் கைமாற்றத்தில் கோலைத் தவறவிட்டது. பெட்டியின் அணிக்குத் தங்கம்!